பள்ளிக்கூட வாசலும் ஹோம் அஃபேர்ஸ் கவுண்டரும்

ஜனவரி இரண்டாவது வாரம் வந்துவிட்டால் என் போன் ஓயாது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கூப்பிடுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், தமிழ்நாட்டில் ஜூனில். நாதஸ்வரம், தவில், சிற்ப வேலை, மடப்பள்ளி என்று கோயில் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும் மாதம் இந்த இரண்டு கணக்கிலும் சேராது.

ஒரு ஜனவரியில் கூப்பிட்டவர் நாதஸ்வரக்காரர் ஒருவரின் மனைவி. திருவாரூர்ப் பக்கம்.

"அக்கா, பெரியவனைச் சேர்க்கப் போனோம். விசா முடிஞ்சிருக்கு, புதுசு வந்த அப்புறம் வாங்கன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்க. அது வரைக்கும் வீட்லதான் வச்சிருக்கணுமா?"

இல்லை, வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை அந்த 'இல்லை'க்கான விளக்கம். நான் வக்கீல் இல்லை. பல வருஷமாக இந்த ஃபாரங்களை மற்றவர்களோடு உட்கார்ந்து நிரப்பியவள், அவ்வளவுதான்.

முதலில் பிடிபட வேண்டியது, இங்கே இரண்டு வாசல்கள் இருக்கின்றன என்பது. ஒன்று பள்ளிக்கூட வாசல். இன்னொன்று ஹோம் அஃபேர்ஸ், அதாவது உள்துறை. நீங்கள் யார், இந்த நாட்டில் எது வரை இருக்கலாம் என்று கேட்கும் அதிகாரம் ஹோம் அஃபேர்ஸுக்கு. பள்ளியின் கேள்வி வேறு: பிள்ளைக்கு என்ன வயசு, எந்த வகுப்பில் உட்கார வைப்பது? தலைமை ஆசிரியர் குடியேற்ற அதிகாரி இல்லை. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே வாசலாக நினைத்துக்கொண்டு, விசா தாமதமானால் பிள்ளையை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். சொல்லப்போனால், பள்ளி ஆபீஸில் இருப்பவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, அடிப்படைக் கல்வி பெறும் உரிமை 'எல்லோருக்கும்' உண்டு என்கிறது. 'குடிமக்களுக்கு' என்று அங்கே இல்லை. ஏதோ கவனக்குறைவாக விட்டுப்போன சொல் என்று நினைக்க வேண்டாம். ஓட்டுரிமையைச் சொல்லும் 19ஆம் பிரிவிலும், தொழில் செய்யும் உரிமையைச் சொல்லும் 22ஆம் பிரிவிலும் 'ஒவ்வொரு குடிமகனுக்கும்' என்றே இருக்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். கல்வியில் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் அந்தப் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 28ஆம் பிரிவு வேறு சொல்கிறது.

இந்த உரிமைக்கு இன்னொரு தனித்தன்மை. வீட்டு வசதி மாதிரியான உரிமைகளை அரசு 'கையில் உள்ள வசதிக்கு ஏற்ப, படிப்படியாக' நிறைவேற்றினால் போதும். அடிப்படைக் கல்விக்கு அந்த வாசகம் கிடையாது. குவாசுலு-நட்டாலில் ஜும்மா மஸ்ஜித் தொடக்கப் பள்ளி ஒரு அறக்கட்டளையின் நிலத்தில் நடந்துவந்தது. நிலத்தைத் திரும்பக் கேட்டு அறக்கட்டளை வழக்குப் போட, 2011இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இது உடனே கொடுக்கப்பட வேண்டிய உரிமை என்றது. அடுத்த வருஷம் பார்க்கலாம், விசா வந்ததும் பார்க்கலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

'அடிப்படை' என்றால் எது வரை? ஒன்பதாம் கிரேடோடு முடிந்துவிடும் என்று ரொம்ப நாள் ஒரு வாதம் இருந்தது. 2020 டிசம்பரில் மோக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் பன்னிரண்டாம் கிரேடு வரைக்கும், அதாவது மெட்ரிக் வரைக்கும், அடிப்படைக் கல்விதான் என்று முடித்துவைத்தது.

சரி, காகிதமே இல்லாத பிள்ளைக்கு? இதற்கும் நேரடியான தீர்ப்பு இருக்கிறது. 2016இல் ஈஸ்டர்ன் கேப் மாகாணக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: அடையாள எண்ணோ, பர்மிட் எண்ணோ, பாஸ்போர்ட் எண்ணோ உள்ள பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்குப் பணம் வரும். கெபெகாவில் (பழைய போர்ட் எலிசபெத்) ஃபகமீசா உயர்நிலைப் பள்ளியில் 37 பிள்ளைகளுக்கு இந்தக் காகிதங்கள் இல்லை. அவர்களில் தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்ட வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. வழக்கு மக்கன்டா (பழைய கிரஹாம்ஸ்டவுன்) உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 டிசம்பர் 12ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் அஃபிடவிட் போன்ற வேறு ஆதாரத்தைப் பள்ளி ஏற்க வேண்டும். காகிதம் இல்லாத பிள்ளைகளைத் தடுக்கும்படி இருந்த சேர்க்கைக் கொள்கையின் இரண்டு பத்திகள் அரசியலமைப்புக்கு முரணானவை. பள்ளிகள் வழக்கமாகப் பயப்படும் குடியேற்றச் சட்டத்தின் 39, 42ஆம் பிரிவுகளும் அடிப்படைக் கல்வி கொடுப்பதைத் தடுக்கவில்லை.

நீதிமன்றம் சொன்னதன் சாரம் இப்போது சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. 2024இன் பெலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டம்) சேர்க்கைக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவற்றைக் கொடுக்காவிட்டாலும் பிள்ளை பள்ளிக்கு வர அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆவணங்களை எடுக்கச் சொல்லிப் பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது தலைமை ஆசிரியரின் கடமை. ஆலோசனை சொல்லலாம், வாசலை அடைக்கக் கூடாது.

நடைமுறையில் இதை எப்படிப் பயன்படுத்துவது என்று, நாதஸ்வரக்காரர் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். பையனின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, தடுப்பூசி அட்டை இருந்தது, ஊர்ப் பள்ளியின் டிசி இருந்தது. விசா மட்டும் காலாவதி. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது கையில். நானும் அந்த அம்மாவும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். போலீஸ் ஸ்டேஷன் என்றதும் அவருக்குக் கை நடுங்கியது. அங்கே கவுண்டரில் ஒரு கான்ஸ்டபிள், முன்னால் சுருண்ட மூலைகளோடு ஒரு கட்டு அஃபிடவிட் ஃபாரம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எங்கே இருக்கிறோம், எந்த வகுப்பு படித்தான், விசா எந்த நிலையில் என்று எழுதினோம். எழுதியது உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னார். கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் முத்திரையை ஓங்கிக் குத்தினார். காசு கிடையாது. வெளியே வந்ததும் அந்த அம்மா "இவ்வளவுதானா அக்கா?" என்றார்.

அந்தக் காகிதத்தோடு மறுபடி பள்ளிக்குப் போனோம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்." இதைச் சண்டையாகக் கேட்கக் கூடாது, தணிந்த குரலில் கேட்க வேண்டும். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் பெறப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதை வைத்து மாகாணக் கல்வி அமைச்சருக்கு மேல்முறையீடு செய்யலாம். எழுத்து என்றதும் ஆபீஸ் அம்மா எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்துத் தலைமை ஆசிரியர் வந்து, யூனிஃபார்ம் எங்கே வாங்குவது என்று சொன்னார். எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. சில சமயம் மாவட்டக் கல்வி அலுவலகம் வரை போக வேண்டியிருக்கும். 'இடமே இல்லை, வகுப்பு நிரம்பிவிட்டது' என்பது வேறு காரணம். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்போது வேறு பள்ளியில் இடம் காட்டும்படி மாவட்ட அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் சொல்வதெல்லாம் அரசுப் பள்ளிகளுக்கு. தனியார் பள்ளி என்றால் அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஃபீஸ் விஷயத்தில் நம்மவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளியிலும் ஃபீஸ் உண்டு; ஏழைப் பகுதிகளில் உள்ள பள்ளிகளில் கிடையாது. ஃபீஸ் வாங்கும் பள்ளியில் பெற்றோர் விலக்குக் கேட்கலாம். கணக்கு இதுதான்: ஒரு பிள்ளைக்கான வருஷ ஃபீஸ், அப்பா அம்மா இருவரின் மொத்த வருஷ வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் விலக்கு இல்லை. நடுவில் இருந்தால் ஒரு பகுதி குறையும். மாதம் 12,000 ராண்ட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம், வருஷத்துக்கு 1,44,000. ஃபீஸ் 16,000 என்றால் 11 சதவீதத்துக்கு மேல் வருகிறது, முழு விலக்கு. இந்தக் கணக்கில் கேட்பது வருமானத்தைத்தான், நாட்டை இல்லை. பள்ளி நிர்வாகக் குழு மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு.

ஃபீஸ் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தக் கூடாது, மதிய உணவை மறுக்கக் கூடாது, ரிப்போர்ட்டையோ டிரான்ஸ்ஃபரையோ பிடித்து வைக்கக் கூடாது. 1996இன் பள்ளிகள் சட்டம் 41ஆம் பிரிவில் இது வரிசையாக இருக்கிறது. என் மகளின் ரிப்போர்ட்டை ஒரு டிசம்பரில் பள்ளி ஒன்று பிடித்து வைத்தது. சட்டம் தெரியாமல் நான் நகையை அடகு வைத்துக் கட்டினேன். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, முக்கால்வாசி என் மேல்தான்.

மற்ற உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்களாக இருந்தால், அரசு மருத்துவமனையில் இலவசம். எந்த நாட்டவர் என்பது இதில் பொருட்டில்லை என்று 2023இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் சாஸா (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் குழந்தை உதவித்தொகை குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதி என்று அங்கீகரிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குத்தான். வேலை விசாவில் வந்தவர்கள் அதற்கு வரிசையில் நின்று ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

இனி இரண்டாவது வாசல். முதல் வாசலில் உள்ள உரிமை இங்கே உங்களைக் காப்பாற்றாது. இதை மறைத்துப் பேசுவது பாவம். பிள்ளை பள்ளியில் உட்கார்ந்திருப்பதால் அப்பா அம்மாவின் விசா நீளாது. காலம் கடந்து தங்கியவர் நாட்டை விட்டுப் போகும்போது, 30 நாளுக்குள் என்றால் 12 மாதமும், அதற்கு மேல் என்றால் 5 வருஷமும் திரும்பி வர முடியாதபடி 'விரும்பத்தகாதவர்' என்று பதிந்துவிடலாம். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை விசா முடிய 60 நாள் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. காலண்டரில் வட்டம் போட வேண்டிய தேதி விசா முடிகிற தேதி இல்லை, அதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி.

அப்பாவுக்கு வேலை விசா இருந்தால் பிள்ளைக்கும் அதுவே போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போதாது. மூன்று மாதத்துக்கு மேல் படிக்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைக்கு, அது ஒன்றாம் கிரேடு குழந்தையானாலும், தனியாக ஸ்டடி விசா வேண்டும். அதற்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். பள்ளியோ விசாவைக் காட்டு, கடிதம் தருகிறேன் என்கிறது. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். முடிச்சு அவிழும் இடம்: விசாவுக்குக் கேட்பது 'தற்காலிகமாக ஏற்றுக்கொண்டோம்' என்கிற கடிதம். அந்தச் சொல்லைச் சொல்லியே பள்ளியில் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இலங்கையிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் 1998இன் அகதிகள் சட்டத்தின் கீழ் வருவார்கள். விண்ணப்பம் முடிவாகும் வரை வைத்திருக்கும் 22ஆம் பிரிவுக் காகிதம், அங்கீகரிக்கப்பட்ட பிறகு கிடைக்கும் 24ஆம் பிரிவுக் காகிதம் என்று இரண்டு. முடிவுக்குக் காத்திருக்கும் காலத்தில் வேலை செய்வதையும் படிப்பதையும் மொத்தமாகத் தடுத்து வைக்க முடியாது என்று 2003இல் வாட்சென்னுக்கா வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 22ஆம் பிரிவுக் காகிதத்தைப் பழசு என்று ஒதுக்கும் பள்ளிகளிடம் இதைச் சொல்லலாம்.

இங்கேயே பிறக்கும் பிள்ளையின் பிறப்பை 30 நாளுக்குள் பதிய வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள், காரணம் இருக்கிறது. விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறந்து, பிறப்பு பதிவாகி, 18 வயது வரை இங்கேயே வளர்ந்த பிள்ளை, குடியுரிமைச் சட்டம் 4ஆம் பிரிவின்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது கேட்பார்கள்: இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? பள்ளி ரிப்போர்ட்டுகளைவிட நல்ல ஆதாரம் எது? கிரேடு ஆர் (ஒன்றாம் கிரேடுக்கு முந்தைய வகுப்பு) தொடங்கி வருஷத்துக்கு நாலு. ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

பதினெட்டு வயதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், மெட்ரிக்கோடு 'எல்லோருக்கும்' என்ற சொல்லின் குடை முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகம் அடிப்படைக் கல்வி இல்லை. அங்கே ஸ்டடி விசா இல்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் அஃபிடவிட்டில் ஓட்டிய பிள்ளை, நல்ல மார்க் வாங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி வாசல் திறந்திருக்கும் அந்த வருஷங்களில்தான் இரண்டாவது வாசலின் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

காகிதத்தை வைத்துக் குடும்பத்தை அளப்பது நமக்குப் புதுசும் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 'டிரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்ற நாளிலிருந்தே இது தொடர்கிறது. 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பில் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணங்கள் செல்லாது என்று சொல்லப்போக, நம் பாட்டிமார் ஒரே நாளில் மனைவி இல்லை என்று ஆனார்கள். பிள்ளைகள் வாரிசு இல்லை என்று ஆனார்கள். தில்லையாடி வள்ளியம்மை 15 வயதில் ஜெயிலுக்குப் போன போராட்டத்தில் மூன்று பவுண்டு தலைவரியோடு இந்தக் கல்யாணப் பிரச்சினையும் சேர்ந்தே இருந்தது. இங்கே ஐந்தாறு தலைமுறையாக இருக்கும் ஆன்ட்டிமாரிடம் போய் உதவி கேட்கும்போது சிலர் முகம் சுளிப்பதுண்டு, 'உங்க ஊர்க்காரங்க வந்து எங்க பிள்ளைங்க இடத்த எடுத்துக்கறாங்க' என்று. நான் சியர்ல் கதையைச் சொல்வேன். சிலர் மனம் இளகுவார்கள். சிலர் மாட்டார்கள்.

பள்ளி வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ வெளி ஆட்கள் நின்று 'ஐடி காட்டு' என்றால் காட்டத் தேவையில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்கும் அதிகாரம் குடியேற்ற அதிகாரிக்கும் போலீஸுக்கும்தான் என்று 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் வெளிநாட்டவரை எதிர்க்கும் 'ஆபரேஷன் டுடுலா' இயக்கத்துக்கு எதிரான வழக்கில் சொல்லிவிட்டது. அதற்காக அங்கேயே நின்று சட்டம் பேச வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டு, அப்புறம் புகார் கொடுங்கள்.

உதவிக்கு ஏஜென்டைத் தேடாதீர்கள். 'ஹோம் அஃபேர்ஸில் ஆள் இருக்கு' என்று சொல்லி 8,000 ராண்ட் வாங்கிக்கொண்டு போலி முத்திரை குத்திக் கொடுப்பவனால் குடும்பமே மாட்டிக்கொள்ளும். லீகல் ரிசோர்சஸ் சென்டர், லாயர்ஸ் ஃபார் ஹ்யூமன் ரைட்ஸ் இரண்டும் 1979இலிருந்து இயங்குகின்றன. இரண்டுக்கும் டர்பனில் அலுவலகம் உண்டு, காசு வாங்குவதில்லை. மக்கன்டா வழக்கை நடத்தியது பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் சென்டர் ஃபார் சைல்டு லா. மனித உரிமை ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக, பள்ளிகளுக்கே பல சமயம் தெரியாத ஒரு சலுகை. மெட்ரிக்கில் இரண்டு அதிகாரபூர்வ மொழிகள் எடுக்க வேண்டும். டர்பனில் ஆங்கிலத்தோடு ஆஃப்ரிகான்ஸோ ஜூலுவோ. ஏழாம் கிரேடிலோ அதற்கு மேலோ முதன்முதலாக இந்த நாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை 'இமிகிரன்ட் கேன்டிடேட்' என்று பதிந்துகொண்டால் ஒரு அதிகாரபூர்வ மொழி போதும், மற்றதன் இடத்தில் வேறு பாடம் எடுக்கலாம். பத்தாம் கிரேடில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பன்னிரண்டில் கேட்டால் நேரம் போயிருக்கும்.

நாதஸ்வரக்காரரின் பெரியவனுக்கு இது பொருந்தாது, அவன் சேர்ந்தது நாலாம் கிரேடில். அதற்கு அவசியமும் வரவில்லை. போன ஞாயிறு தமிழ் வகுப்பில் பேனா கேட்டு, பக்கத்துப் பையனிடம் ஜூலுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.